சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்

இந்தக் கதையை நான் பல வருஷம் முழுசாக நம்பவில்லை. சொன்னவன் ஓஸ்வால்ட். எங்கள் ஆஸ்டின் டவுன் பள்ளியில் என்னோடு படித்தவன். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில், வசதியில்லாத நோயாளிகளுக்கு உதவி தேடித் தருவது அவன் வேலை. கம்பெனிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தால் இந்தக் கதையில்தான் முடிப்பான்.

தாரணிக்கு அப்போது ஒன்பது வயது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கிட்னியைத் தாக்குகிற அபூர்வ வியாதி. மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. ஒரு ஊசி இருந்தது. போட்டால் கிட்னி பிழைக்கலாம், இல்லாவிட்டால் டயாலிசிஸ். அம்மா காந்தா அடுகோடி ஏரியாவில் துணி தைப்பவர். அந்த ஊசி விலையின் பக்கம்கூடப் போக முடியாது.

ஒரு கம்பெனி உதவ முன்வந்தது. குழந்தையைப் பார்க்க ஸ்னேஹா என்ற அதிகாரி வந்தார்.

"இவளா பேஷன்ட்? கொழுகொழுன்னு இருக்காளே!"

"அது ஸ்டீராய்டு வீக்கம் மேடம்" என்றான் ஓஸ்வால்ட்.

"எனக்குப் புரியுது சார். போட்டோ பார்க்கிறவங்களுக்குப் புரியணுமே?"

"ரிப்போர்ட்டெல்லாம் இருக்கும்மா." காந்தா ஃபைலை நீட்டினார்.

"ரிப்போர்ட்டுக்கு யாரும்மா லைக் போடுவாங்க? சார், கொஞ்சம் டல்லா இருக்கிற குழந்தை வேற யாராவது இருந்தா சொல்லுங்க."

சொல்லிவிட்டு, போன் பேச வெளியே போனார் ஸ்னேஹா.

அவர் திரும்பி வந்தபோது கட்டிலில் தாரணி இல்லை. அக்கா பிரபா படுத்திருந்தாள். குச்சி மாதிரி உடம்பு, ஆஸ்பத்திரி கவுன், கையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிய டிரிப்ஸ் டியூப்.

ஸ்னேஹா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"பர்ஃபெக்ட்! கண்ணு, கொஞ்சம் சோகமா பாரு."

"பசிக்குது ஆன்ட்டி."

"அதேதான்! அப்படியே இரு!"

பிறகு தாரணியை ஜன்னலோரம் நிறுத்தி, கையில் பலூன் கொடுத்து இன்னொரு படம்.

"இது ஆஃப்டர் போட்டோ. சிகிச்சைக்குப் பின்!"

தாரணியின் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்கு நல்லாயிடுச்சா? ஊசி வேணாமா?"

காந்தா அவள் வாயைப் பொத்தினார்.

ஊசி வந்தது. கம்பெனியின் ஆண்டறிக்கையில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. வியாதியே இல்லாத அக்கா 'முன்'. ஊசியே போடாத தங்கை 'பின்'.

தாரணி இப்போது காலேஜில் பியூசி படிக்கிறாள். கிட்னி இரண்டும் நன்றாக இருக்கின்றன.

"ஒரு படத்துக்காக என்ன பொய் வேணும்னாலும் சொல்ற ஜனம்டா! மனசாட்சி வேணாம்?" என்று சர்ச் வாசலில் ஓஸ்வால்ட் முழங்குவான். நாங்கள் எல்லோரும் ஆமாம் போடுவோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறுத்தும். அன்று நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? உண்மையை மட்டும் பேசி ஊசியைக் கோட்டை விட்டிருப்பேனோ? இன்றுவரை தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தான். 'மனசாட்சி வேணாம்?' வரும் வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன்:

"அந்தம்மா வெளியே போன் பேசிக்கிட்டிருந்தாங்க, சரி. உள்ளே பிரபாவுக்குக் கவுன் மாட்டி, கையில டியூபை ஒட்டினது யாருடா, ஓஸ்வால்ட்?"