பாராட்டுச் செய்தி

வங்கி வாரத்துக்கு மூன்று தடவை மரகதமணியை ஏமாற்றப் பார்க்கும். எல்லாம் அவள் பாதுகாப்புக்குத்தானாம். எச்சரிக்கை வாசகங்களை யாரும் படிப்பதில்லை என்று, மோசடிக்காரர்களைப் போலவே பேசி வாடிக்கையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

போன மாதம் அவள் மகன் குமரனின் குரலிலேயே அழைத்தார்கள். விபத்து என்றதும் பதறிப்போய் ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டாள். அதற்குத் தண்டனையாக ஒரு நாள் முழுக்க விழிப்புணர்வு வகுப்பில் உட்கார்ந்தாள். பனியன் கம்பெனியில் அன்றைய கூலி போயிற்று.

இன்று பனியனில் பிசிர் வெட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி அதே குரல்.

"அம்மா, நான் குமரன் பேசறேன். அவிநாசி ரோட்டுல வண்டி சறுக்கிருச்சு. பெரியாஸ்பத்திரில கிடக்கறேன்."

அவளுக்கு அலுப்பாக இருந்தது. "போன மாசமும் இதே ரோட்டுலதான் விழுந்தீங்க. வேற கதையே இல்லீங்களா?"

"ஏம்மா, என்னையப் போயி வாங்க போங்கங்கற? பணமெல்லாம் வேண்டாம்மா, நீ வந்தாப் போதும்."

வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அவள் ஒப்பித்தாள். "இது பயிற்சி என்று எனக்குத் தெரியும். நன்றி."

இணைப்பைத் துண்டித்தாள்.

எப்போதும் துண்டித்த மறுநொடியே, 'சபாஷ்! நீங்கள் ஏமாறவில்லை' என்று வங்கியிலிருந்து செய்தி வந்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் போனைப் பைக்குள் வைப்பாள். ஒரு கையில் கத்தரியும் மறுகையில் போனுமாகக் காத்திருந்தாள்.

மேஜைமேல் பனியன்கள் குவிந்துகொண்டே போயின. செய்தி வரவில்லை.