பேச்சுக் கூலி

யானைப் படத்தை ஆசிரியை மேசையில் வைத்ததும் பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆனை அசைஞ்சு தின்னும். வீடு அசையாம தின்னும்."

ஆசிரியையின் பேனா அப்படியே நின்றது. நர்சரிப் பள்ளி நேர்முகத்துக்கு வரும் மூன்றரை வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 'ஆனை' என்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளையானால் 'பெரிய ஆனை'.

அடுத்து, அழும் குழந்தையின் படம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றான். பசுவைக் காட்டினார். அது வேலைவெட்டி இல்லாமல் மேய்கிறதாம்.

பையனின் அம்மாவுக்குப் பூரிப்பில் இருப்புக்கொள்ளவில்லை. "தினம் ராத்திரி புக் படிச்சுக் காட்டுவோம், மேடம்" என்றாள்.

கதவோரம் நின்ற, பையனை வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆயா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் புத்தகத்தில் இருப்பது ஒரு முயலும் சில பலூன்களும்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த வீட்டம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். பிள்ளையிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் மூளை வளருமாம், டாக்டர் சொன்னாராம். பேசுவதற்குச் சம்பளமா என்று ஆயாவுக்கு வாயெல்லாம் பல். குளிப்பாட்டும்போது பேசினாள், துணி மடிக்கும்போது பேசினாள், பேச விஷயம் தீர்ந்துபோன நாளில் தன் மாமியாரைத் திட்டினாள். பையன் ஒன்றையும் கீழே சிந்தவிடாமல் அள்ளிக்கொண்டான்.

அவள் வாயால் வளர்ந்த பிள்ளை. பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அடுத்து உள்ளே வரப்போவது அவளுடைய சொந்த மகள்.

இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று பள்ளி ஒதுக்கியதில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது மட்டும் கிடைத்துவிட்டால் பையனை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தினமும் நடந்து வரலாம். வழியெல்லாம் பேசலாம். மகளிடம். பகல் வெளிச்சத்தில்.

இப்போது அது நடக்கிற காரியமில்லை. அவள் கிளம்பும்போது மகள் விழித்திருக்க மாட்டாள். திரும்பும்போது மகளுக்கு அரைத்தூக்கம். அவளுக்கோ வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வரும். நடுவில் நாத்தனார் தையல் மெஷினைக் கடகடவென்று மிதித்துக்கொண்டிருப்பாள். மகளின் பேச்சுத்துணைக்கு டிவி.

நாத்தனார்தான் மகளைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

யானை. மகள் வாய் திறக்கவில்லை.

பசு. ஊகூம்.

அழும் குழந்தையைப் பார்த்ததும் இவளுக்கும் உதடு பிதுங்கியது. 'சொல்லுடி என் ராசாத்தி' என்று ஆயா மனத்துக்குள் கெஞ்சினாள்.

ஆசிரியைக்கே மனசு கேட்கவில்லை. படங்களை எடுத்து வைத்துவிட்டு, விரலை நீட்டினாலே போதும் என்பதுபோல் ஒரு கேள்வி கேட்டார். அம்மா நாலெட்டு தள்ளித்தானே நிற்கிறாள்.

"அம்மா எங்க, கண்ணு?"

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மேசைமேல் கோத்து வைத்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எதிரே இல்லாத யாரையோ நேராகப் பார்த்து, கணீரென்று சொன்னாள்:

"அம்மா இன்று இரவுக்குள் வந்துசேருவார் என்று எதிர்பார்க்கப்படுகிறது."

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. பையனின் அம்மா கைதட்டினாள். இந்த உச்சரிப்புக்கே இடம் கொடுக்கலாம் என்று ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு பெயரை எழுதினார்.

ஆயாவும் வயிறு வலிக்கச் சிரித்தாள். நெஞ்சும் சேர்ந்து வலித்தது. ஓடிப்போய் மகளின் முன்னால் மண்டியிட்டு, "வந்துட்டேன்டி" என்றாள்.

மகள் நம்பவில்லை. திரும்பிச் சன்னலைப் பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.