நிறைஞ்சிருக்கு

கஞ்சி அண்டாவுக்குப் பின்னால் கலியாணசுந்தரம் அகப்பையைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் முக்காலி போட்டு, ஜப்பான்காரனுடைய மொழிபெயர்ப்பாளன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

எதிரே வரிசை. தகரக் குவளையும் சிரட்டையுமாக காஜா பேராங் தெரு முனை வரைக்கும் ஆம்பிளைகள்.

சனிக்கிழமை காலையில் அவர் மளிகைக்கடை வாசலில் இலவசக் கஞ்சி. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. அரிசியை ஜப்பான்காரன் கொடுக்கிறான் என்று அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. மேலாகத் தண்ணியை மொண்டு ஊற்றுவார். அடியில் தங்குகிற கெட்டி அவர் வீட்டுக்குப் போகும். வியாபாரி தர்மம் பண்ணுகிற லட்சணம் அவ்வளவுதான்.

அரிசி ஏன் வந்தது என்பது இன்றைக்குத்தான் விளங்கியது.

கோயிலுக்குப் பின்னால் லாரி நிற்கிறது, வருகிற வரைக்கும் வரிசை கலையக் கூடாது, கலைந்தால் நீதான் முதலில் ஏறுவாய் என்று மொழிபெயர்ப்பாளன் மலாயில் சொல்லிவிட்டான். சயாமுக்கு, ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். போனவன் ஒருத்தனும் திரும்பவில்லை.

மொழிபெயர்ப்பாளனுக்குத் தமிழும் கொஞ்சம் தெரியும். வா, போ, நிறைய, இல்லை. இல்லை என்று வாய் திறந்தால் பிடித்துக்கொள்வான்.

கலியாணசுந்தரம் அகப்பையால் அண்டா விளிம்பில் தட்டினார். கடைசியில் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"எல்லாம் நிறைஞ்சிருக்குப்பா."

மொழிபெயர்ப்பாளன் தலையாட்டினான். நிறைய. சரி.

தமிழ் வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று எந்தப் பொம்பளையும் சொல்லமாட்டாள். நிறைஞ்சிருக்கு என்பாள்.

ரப்பர் தோட்டத்து அப்பாசாமி ஆவி பறக்கிற அண்டாவைப் பார்த்தான். முதலாளி முகத்தைப் பார்த்தான். சிகரெட் பிடிக்கிறவனைப் பார்த்தான். ஒண்ணுக்குப் போகிறவன் மாதிரி சந்துக்குள் நழுவினான். அவன் பின்னால் இன்னொருவன். அப்புறம் கூட்டமாகவே.

மொழிபெயர்ப்பாளன் சிகரெட்டைக் கீழே போட்டு எழுந்தான். கலியாணசுந்தரத்தின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

அந்த நேரம் பார்த்து கம்போங் செட்டித் தெருத் தேவதாஸ் முன்னால் வந்து குவளையை நீட்டினான். அந்தத் தெருக்காரர்கள் கும்பிடுகிற சாமி தமிழ்ச்சாமி, பேசுகிறது மலாய். கேட்டதில் ஒரு சொல் அவனுக்குப் புரிந்திருந்தது.

"நிறைய... பாகூஸ், முதலாளி, பாகூஸ்."

நல்லதாம்.

திரும்பித் தன் தெருவைப் பார்த்து, நிறைய இருக்கிறது, எல்லாரும் வாருங்கள் என்று மலாயில் குரல் கொடுத்தான். தம்பிமாரும் மச்சான்மாரும் குவளையோடு ஓடி வந்தார்கள். காலியான இடமெல்லாம் நிரம்பியது.

ஓடு என்று மலாயில் ஒரு சொல் போதும். கலியாணசுந்தரத்தின் நாக்கு நுனியிலேயே இருந்தது அது.

காலரை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளன் மறுபடி உட்கார்ந்தான்.

கலியாணசுந்தரம் குனிந்து, அகப்பையை அடிவரைக்கும் விட்டுக் கலக்கினார். தேவதாஸின் குவளையில் கெட்டியாக ஊற்றினார்.