கட்டைபறிச்சான் நாய்கள்

"இருபத்திரண்டு கிலோமீற்றர்! பாரும்!" என்று இக்னேசியஸ் கைத்தொலைபேசியை மனைவியின் மூக்குக்கு முன்னால் நீட்டினார். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய பச்சை ஜேர்சி, நெற்றியெல்லாம் வியர்வை.

மாகிரட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. மூதூர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு மனுசன் கிடைக்கமாட்டார். தபால் கந்தோரில் முப்பது வருடம் கதிரையை விட்டு எழும்பாதவர் ஓய்வு பெற்ற பிறகு சைக்கிள் ஓடுவார் என்று யார் கண்டது?

அவருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த கிழமையே கொழும்பிலிருந்து மகள் ஒரு ரேசிங் சைக்கிளை அனுப்பிவிட்டாள். ஆற்றங்கரையோரம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாகப் போட்டிருக்கும் புதுப் பாதையில் தினமும் ஓட வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. ஓடிய தூரத்தைப் போனே அளந்து, படமும் கீறி மகளுக்கு அனுப்பிவிடும். அப்பா இனி ஏமாற்ற முடியாது என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

மாகிரட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "இதென்ன, கோடு ஆத்தங்கரையால நேர போய், கட்டைபறிச்சானில எல்லா ஒழுங்கைக்குள்ளயும் பூந்து பூந்து வருது?"

"நாய் கலைச்சது."

"ஒவ்வொரு ஒழுங்கையிலயுமா?"

"கட்டைபறிச்சான் நாயளைப் பற்றி உமக்குத் தெரியாது. அதோட, நான் ஓடேக்க எனக்குப் போனில கோல் எடுத்துப்போடாதையும், விழுந்திடுவன்." சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். பாவம், இந்த வயதில் நாய்க்கடிக்கும் பயந்துகொண்டு ஓடுகிறாரே என்று அவளுக்கு மனம் இளகியது.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் டொக்டர் நிரோஷினி இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "சீனி குறையேல்ல. கூடியிருக்கு."

"நான் ஒவ்வொரு நாளும் இருபத்திரண்டு கிலோமீற்றர் ஓடுறனான், டொக்டர்," என்று இக்னேசியஸ் போனைக் கொடுத்தார். டொக்டர் ஒவ்வொரு நாளாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாக மாகிரட் பக்கம் திரும்பினார்.

"வீட்டில என்ன சமைக்கிறீங்கள், அம்மா?"

மாகிரட்டுக்கு முகம் செத்துப்போய்விட்டது. இக்னேசியஸ் கூரையைப் பார்த்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். டொக்டரின் கேள்வியைவிட அந்தப் பெருமூச்சுத்தான் அவளைச் சுட்டது.

"ஒரு மாதம் தாறன். அதுக்குள்ள இறங்காட்டி ஊசிதான்," என்றார் டொக்டர்.

அன்றே குசினியில் தவக்காலம் தொடங்கிவிட்டது. சீனிப் போத்தல் பக்கத்து வீட்டு லோஜினியிடம் போனது. தேங்காய்ப்பால் நின்றது, பொரியல் நின்றது. காலையில் குரக்கன் பிட்டு, மத்தியானம் பாவற்காய், பின்னேரம் சீனியில்லாத தேத்தண்ணி.

அவரைத் தனியே வருத்த மனம் வராமல் மாகிரட்டும் அதையே சாப்பிட்டாள். நாலு கிழமையில் அவளுடைய சட்டைகளெல்லாம் தொளதொளத்துப் போயின. அவருடைய ஜேர்சி மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

"தசை," என்றார் இக்னேசியஸ், வயிற்றைத் தட்டிக்கொண்டு.

அவ்வளவு தூரம் ஓடிவந்த மனுசன் பிட்டில் பாதியைக் கிண்டிவிட்டு எழும்பிவிடுவதுதான் அவளுக்கு விளங்கவில்லை. கேட்டால், "ஓடினாப் பசி செத்துப்போகும்," என்பார். தன் கைப்பக்குவம்தான் கெட்டுவிட்டதோ என்று அவள் குசினிக்குள் நின்று இரண்டு தடவை அழுதும் இருக்கிறாள்.

மாதம் முடிந்தது. மறுநாள் கிளினிக். அன்று காலை அவர் வழக்கம்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்ட பிறகு, மாகிரட் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிட்டாள்.

"அந்தோனியாரே, துலைஞ்ச சாமானெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கிறனீர். என்ர சமையலில எங்க பிழை எண்டு ஒருக்காக் காட்டித் தாரும்."

ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, படலையில் 'பாம், பாம்' என்று ஹோர்ன் சத்தம் கேட்டது. மீன்கார அஸ்ஹான். பழைய சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக ஊரெல்லாம் விற்றுவிட்டு, கடைசியில் அவள் வீட்டுக்கு வருவான். மாகிரட் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

"என்ன தம்பி மிச்சம் இருக்கு?"

"சூடை மட்டுந்தான், அக்கா. பொரிச்சா நல்லா இருக்கும்."

"பொரிக்க ஏலாது, டொக்டர் ஏசுவா. தண்ணிக் குழம்பு வைப்பம், அரைக் கிலோ போடுங்கோ."

அஸ்ஹான் நிறுத்துப் போட்டான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாகப் பெட்டியின் மூலைக்குள் கையை விட்டு, இறுக்கி முடிந்த ஒரு சொப்பிங் பேக்கை வெளியே எடுத்தான். வாடிக்கைக்காரி என்று மேலதிகமாக நாலு மீன் தரப்போகிறான் என்று நினைத்து மாகிரட் சட்டியை மறுபடி நீட்டினாள்.

அவன் சட்டிக்குள் போடவில்லை. முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததைச் சாரத்தில் துடைத்து அவள் கையில் வைத்தான்.

"இண்டைக்கு நான் ரொட்டிக்கடைப் பக்கம் போகல்ல அக்கா, சேர் சாப்பிட்டு முடிச்சு வந்தா இந்தப் போனை அவருட்டக் குடுத்திடுங்க."