குறிக்காமல் விட்ட மொழி

அன்று அந்த விதைப் பரிமாற்ற இணையதளத்தில் இருந்தவர்கள் மூவர்: படத்தொகுப்பு, வாசகர் எழுதும் கருத்துப்பெட்டி, அன்றுதான் நிறுவப்பட்ட குப்பை வடிகட்டி.

விளம்பரத் தொல்லையால் சலித்துப்போயிருந்த கருத்துப்பெட்டி, "தம்பி, உடனே வேலையைத் தொடங்கு," என்றது.

"எந்தெந்த மொழியை உள்ள விடணும்னு அமைப்புல குறிக்கணும்ண்ணே. இப்ப ஆங்கிலம் மட்டும்தான் இருக்கு," என்றது வடிகட்டி.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல விளம்பரத்தை நிறுத்து!"

பெட்டி ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கியது.

"ஆடிப் பட்டமாச்சே, விதை கேட்டு ஒருத்தர்கூட எழுதலையா? உனக்கு அவ்வளவு மவுசா?" என்று படத்தொகுப்பு சீண்டியபோதுதான் பெட்டிக்கு உறைத்தது.

"நாற்பத்தொரு பேர் எழுதினாங்கண்ணே. எல்லாம் தமிழ், குப்பையில போட்டேன். அங்க பத்து நாளானா அழிஞ்சிடும்," என்றது வடிகட்டி.

பெட்டி தன் அவசரத்தை நொந்தபடி குப்பையைத் திறந்து எண்ணியது. மிச்சம் இருந்தவை மூன்று கடிதங்கள்.