குளியலறை சுவிட்ச்

குளிக்கும் நேரம்தான் மகிழினிக்குப் பாடம். காது கேளாத தயாளன், தன்னைப் போலவே காது கேளாத மகளுக்கு, சோப்பு நுரை வழியும் கைகளால் மீனும் மழையும் சைகையில் காட்டுவான். அவளும் அதையே காட்டிச் சிரிப்பாள்.

அவன் மனைவி சுகந்தி துண்டோடு குளியலறை வாசலில் நின்றாள். காது கேட்கிற அவளுக்குச் சாப்பாடு, தூக்கம், போதும் தவிர வேறு சைகை வராது. போதும் என்று காட்டினாள். இருவரும் திரும்பவில்லை.

“வெளிய வாங்களேன்” என்றாள், பழக்கதோஷத்தில்.

வயிறு எரிந்தது. வெளியே இருந்த சுவிட்சை அணைத்தாள். ஜன்னலில்லாத குளியலறை இருண்டது. இனி எப்படிப் பேசுவார்கள்?

இருட்டில் ஈரக் கைகள் ஒன்றையொன்று தடவித் தேடின. அப்புறம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்க அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.