வேற மாசம் காட்டுங்க

“ஏப்ரல் வேண்டாங்க. வேற மாசம் காட்டுங்க.”

ஃபிரேம் கடைக்காரருக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. துணிக்கடையில் வேறு கலர் எடுத்துப் போடச் சொல்கிற மாதிரியல்லவா கேட்கிறாள்!

எதிரே நின்றவள் பஸ் டிரைவர். வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்திருந்தாள். கவுன்டர் மேல் ஒரு சிறுமியின் போட்டோவை வைத்திருந்தாள்.

அந்தக் கடையில் ‘நீங்கள் பிறந்த மாதம்’ என்ற பலகை ரொம்பப் பிரசித்தம். மேலே பிறந்தநாள்காரரின் படம். கீழே அந்த மாதத்தில் உலகத்தில் நடந்த பெரிய சம்பவங்கள், பிறந்த பெரிய மனிதர்கள். எல்லாம் கடைக்காரரே நூலகம் நூலகமாக அலைந்து திரட்டியவை. நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். உள்ளதை உள்ளபடி போடுவார். பெரிய மனிதர்கள் வரிசையில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்ன ஒரு பணக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

“உங்க நேர்மையையும் ஒரு ஃபிரேம் போட்டு மாட்டிடுங்க. என்ன, வாங்கத்தான் ஆள் வராது” என்று அவர் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

“ஏப்ரலுக்கு என்னம்மா குறைச்சல்? டாவின்சி பிறந்த மாசம். சாப்ளின் பிறந்த மாசம். மனுஷன் முதல் முதலா விண்வெளிக்குப் போன மாசம்!”

அவள் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். “டைட்டானிக் மூழ்கினதும் இருக்கே அண்ணா. கப்பல் மூழ்கின மாசம் வேண்டாம்.”

“சரி, உங்க பொண்ணு எந்த மாசம் பிறந்தா? அதைச் சொல்லுங்க, வேலை முடிஞ்சது.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆகஸ்ட்ல என்ன இருக்கு?” என்றாள்.

“அன்னை தெரசா பிறந்தாங்க. நிலாவுக்குப் போன ஆம்ஸ்ட்ராங் பிறந்தார். அப்புறம் ஹிரோஷிமாவுல குண்டு போட்டாங்க...”

“குண்டா? ஐயோ, வேண்டவே வேண்டாம்.”

செப்டம்பர், இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்த மாதம். அதுவும் தள்ளுபடி.

கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒன்று, இது சகுனம் பார்க்கிற பைத்தியம். இல்லையென்றால், பிள்ளையின் வயதைக் கூட்டிக் குறைத்து ஏதோ தில்லுமுல்லு. பெற்ற பிள்ளை பிறந்த மாதம் தெரியாத அம்மா எங்கேயாவது உண்டா!

திரையை வெடுக்கென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பிறந்தநாள் என்ன கத்தரிக்காயாம்மா, பொறுக்கி எடுக்க? நிஜமான மாசத்தைச் சொல்லுங்க, போட்டுத் தர்றேன். பொய்யை நான் ஃபிரேம் போடறதில்லை. இல்லேன்னா போட்டோவை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.”

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். டிரைவர் போட்டோவை எடுக்கவில்லை.

“நிஜமான மாசம் யாருக்குமே தெரியாதுண்ணா. இவ நான் பெத்த பொண்ணு இல்ல. இவங்க ஊர்ல சண்டை. வீட்டு மேல குண்டு விழுந்து, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படகுல தப்பிச்சு வந்தாங்க. நடுவழியில படகும் மூழ்கிடுச்சு. கரை சேர்ந்தது இவ ஒருத்திதான். நானும் எங்க வீட்டுக்காரரும் தத்து எடுத்திருக்கோம்.”

துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி மெல்ல எழுந்து வந்தாள்.

“பல்லைப் பார்த்து டாக்டர் வயசைச் சொல்லிட்டார். மாசத்தை எந்தப் பல்லுல பார்க்கிறது? பிறந்த தேதி பதியற ஆபீஸ்ல என்னடான்னா, ‘இந்த மாதிரிப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணுதான் போடறது. வேற நாள் வேணும்னா நாளைக்குள்ள வந்து சொல்லுங்க’ன்னுட்டாங்க. அதைக் கேட்டுட்டு இவ என்னைப் பார்த்து, ‘எனக்குன்னு ஒரு நாள் கிடையாதாம்மா?’ன்னா. மனசே கேக்கலைண்ணா.”

அவள் போட்டோவைத் தன் சட்டைக் கையால் ஒரு தரம் துடைத்தாள்.

“தேதி அவ இஷ்டம். மாசம் என் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன். உங்க பலகையைக் கட்டிலுக்கு எதிர்ல மாட்டப் போறேன். தினமும் காலையில கண்ணு முழிச்சதும் படிப்பா இல்லையா? அதுல மூழ்கினது, வெடிச்சது, சண்டை போட்டது எதுவும் இருக்கக் கூடாது. அவ பார்த்தது போதும்.”

கடைக்காரர் மனசுக்குள் தன்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு நிதானமாக ஒவ்வொரு மாதமாகத் தள்ளினார்.

“ஜூலை!” என்றார். “ஜூலையைக் கேளுங்கம்மா. நிலாவுல மனுஷன் கால் வெச்ச மாசம். மண்டேலா பிறந்த மாசம். பொம்பளைப் பிள்ளைங்க படிக்கணும்னு உசிரையே பணயம் வெச்சாளே மலாலா, அவ பிறந்ததும் ஜூலைதான்.”

டிரைவரின் முகம் மலர்ந்தது. ஆனாலும் பயம் விடவில்லை.

“சண்டை கிண்டை எதுவும் இல்லையே அண்ணா?”

கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்ற மனைவி திரையைப் பார்த்தாள். நிலா வரிக்கு மேலே, கொட்டை எழுத்தில் இருந்தது: ‘முதல் உலகப் போர் தொடங்கியது.’

பணக்காரருக்காக ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்காத அந்த மனுஷன், அந்த வரியை முழுசாக அழித்துக்கொண்டே சொன்னார்:

“சண்டையா, ஜூலையிலயா? ஒண்ணே ஒண்ணுகூடக் கிடையாதும்மா!”